மாணவரின் சிறு சேமிப்பு எங்கே இருக்கட்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலைக்கல்லூரி ஒன்றில் வணிகவியல் நடத்துகிறேன். உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையும் என்னிடம் இருப்பதால் வருடா வருடம் கட்டுக் கட்டாகப் பாஸ்புக்குகள் என் மேசைக்கு வரும். பாஸ்புக்கைத் திரும்ப வாங்கும்போது பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகள்தான் இவை. பெரிய பணத்தைப் பற்றிய பேச்சு இல்லை. தமிழக அரசின் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைத் திட்டங்களில் மாதம் வரும் 1,000 ரூபாய், ஞாயிற்றுக்கிழமை கேட்டரிங்கில் பந்தி பரிமாறிய கூலி, தீபாவளிக்கு முன் ஜவுளிக்கடையில் நின்ற சம்பளம், ஊருக்குப் போனால் அத்தை கையில் வைத்து அழுத்தும் நோட்டு. எல்லாம் சேர்ந்து 5,000 முதல் 50,000 வரை வரும். அந்தப் பிள்ளைக்கு அதுதான் மொத்தச் சொத்து என்பதால் ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

குறுகிய காலம் என்றால் எத்தனை மாதம்?

ஒன்றரை வருடத்துக்குள் எடுத்தே ஆக வேண்டிய பணம் எல்லாம் குறுகிய காலப் பணம். அடுத்த செமஸ்டர் கட்டணம், விடுதிக் கட்டணம், பழைய லேப்டாப்பை மாற்றுவது, கடைசி வருடம் இன்டர்ன்ஷிப்புக்குச் சென்னையோ பெங்களூரோ போனால் அறைக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் என இவற்றுக்கெல்லாம் தேதி உண்டு. தேதி உள்ள பணத்தை ஏறி இறங்கும் இடத்தில் வைக்கக் கூடாது. பத்து வருடம் கழித்துத் தேவைப்படும் பணத்துக்கு வேறு கணக்கு. அதை இங்கே பேசவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எங்கே வைப்பது?

அன்றாடச் செலவுக் கணக்கிலிருந்து பிரித்து, யுபிஐ செயலியில் இணைக்காத இன்னொரு சேமிப்புக் கணக்கில் வையுங்கள். அது மினிமம் பேலன்ஸ் கேட்காத கணக்காக இருக்க வேண்டும். அதில் மூன்று மாதத்துக்கு மேல் தொடத் தேவையில்லாத பகுதியை அதே வங்கியில் சிறு சிறு எஃப்.டி.யாக, அதாவது குறித்த காலத்துக்கு மொத்தமாகப் போடும் நிரந்தர வைப்பாகப் போடுங்கள். மாதா மாதம் வரும் பணம் என்றால், மாதம் ஒரு தவணையாகக் கட்டும் ஒரு வருட ஆர்.டி. இவ்வளவுதான். மற்ற கேள்விகள் எல்லாம் இதற்கான காரணங்கள்.

ஒரே கணக்கில் இருந்தால் என்ன கெட்டுவிடும்?

எதுவும் உடனே கெட்டுவிடாது. பணம் மட்டும் கரைந்துவிடும்.

ஒரு மாணவனை வங்கியிலிருந்து மூன்று மாதக் கணக்கு அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். பதினொரு பக்கம் வந்தது. டீ 12, பப்ஸ் 20, ரீசார்ஜ், ஜெராக்ஸ் 6, மறுபடி டீ. பெரிய செலவு என்று விரல் வைக்க ஒரு வரிகூட இல்லை. கேட்டரிங்கில் ஏழு ஞாயிற்றுக்கிழமை நின்று சேர்த்த பணம் அது. லேப்டாப்புக்கு என்று நினைத்து வைத்திருந்தான். ஆனால் வங்கிக்கு அது தெரியாது, கைப்பேசிக்கும் தெரியாது. இருப்பு 9,000 என்று காட்டினால் கடைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு 9,000-மும் தன் செலவுப் பணமாகவே தோன்றும். இதை ஒழுக்கக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். ரொக்கமாக இருந்த காலத்தில் நம் பாட்டிமார் அஞ்சறைப்பெட்டியில் ஒரு அறையும் அரிசிப்பானையில் ஒரு முடிச்சும் ஏன் வைத்தார்கள்? செலவுப் பணமும் சேர்த்த பணமும் ஒரே சுருக்குப்பையில் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். இரண்டாவது கணக்கு அந்த முடிச்சு.

அதில் ஏடிஎம் அட்டை இருக்கட்டும். ஆனால் அட்டை ஊரில் வீட்டில் இருக்கட்டும், அல்லது விடுதிப் பெட்டியின் அடியில். எடுக்க வேண்டும் என்றால் எடுக்க முடிய வேண்டும், ஆனால் எடுக்க ஒரு நாளாவது ஆக வேண்டும்.

இரண்டாவது கணக்கு தொடங்கினால் உதவித்தொகை நின்றுபோகும் என்கிறார்களே?

நிற்காது. ஆனால் வேறு கணக்குக்குப் போய்விடலாம். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். நான் அதிகம் பார்க்கும் சிக்கல் இதுதான்.

அரசு நேரடியாக அனுப்பும் பணம் பெரும்பாலும் ஆதார் எண்ணை வைத்தே வருகிறது. உங்கள் ஆதாருக்கு எந்த வங்கி கடைசியாக இணைக்கப்பட்டதோ அந்த வங்கிக்குப் பணம் போகும். ஒரு சமயத்தில் ஒரு வங்கிதான் இணைந்திருக்க முடியும். புதுக் கணக்கு தொடங்கும் படிவத்தில் 'அரசு மானியம், உதவித்தொகை இந்தக் கணக்குக்கு வரச் சம்மதம்' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அடையாளச் சான்றாக ஆதாரைக் கொடுப்பது வேறு, அந்தக் கட்டத்தில் டிக் போடுவது வேறு. சேமிப்புக்காகத் தொடங்கும் கணக்கில் அந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள். கவுண்டரில் இருப்பவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "உதவித்தொகை பழைய கணக்குக்கே வரணும், இதுல சீட் பண்ண வேண்டாம்." வங்கியில் அந்த வேலைக்கு அவர்கள் சொல்லும் பெயரே சீடிங்.

ஏற்கெனவே மாறிவிட்டதா என்று சந்தேகமா? ஆதார் இணையதளத்தில் உள்நுழைந்து 'வங்கி சீடிங் நிலை' என்ற பகுதியைத் திறந்தால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டும். பணம் வரவில்லை என்று அழுதுகொண்டு வந்த பிள்ளைகளில் பலருக்கு, பணம் அவர்களே மறந்துபோன இன்னொரு கணக்கில் கிடந்தது.

சேமிப்புக் கணக்கில் வட்டியே இல்லை என்கிறார்களே?

குறைவுதான். பாரத ஸ்டேட் வங்கி 2025 ஜூனில் சேமிப்புக் கணக்கு வட்டியை 2.5 சதவீதமாகக் குறைத்தது. மற்ற பெரிய வங்கிகளும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கின்றன. ஆனால் சதவீதத்தைப் பார்த்துக் கலங்குவதற்கு முன் ரூபாயில் போட்டுப் பாருங்கள்.

20,000 ரூபாய், ஆறு மாதம். 2.5 சதவீதத்தில் 250 ரூபாய் வட்டி. எஃப்.டி.யில் 6 சதவீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் 600 ரூபாய். வித்தியாசம் 350. இப்போது இன்னொரு கணக்கு. சென்னை போன்ற பெருநகரங்களில் வேறு வங்கி ஏடிஎம்மில் மாதம் மூன்று முறை இலவசம், மற்ற ஊர்களில் ஐந்து முறை. அதற்கு மேல் போனால் 2025 மே முதல் ஒரு முறைக்கு 23 ரூபாய் வரை பிடிக்கலாம். வரியோடு 27 ரூபாய் ஆகும். மாதம் இரண்டு முறை கூடுதலாகப் போனால் ஆறு மாதத்தில் 320 ரூபாய்க்கு மேல். எஃப்.டி.யில் தேடிப் பிடித்த கூடுதல் வட்டி கிட்டத்தட்ட முழுவதும் ஏடிஎம் வாசலில் போய்விட்டது.

சின்னத் தொகையில் வட்டியால் வருவது கொஞ்சம். ஒழுகலால் போவது அதிகம். அதனால் நான் எப்போதும் முதலில் ஒழுகலை அடைக்கச் சொல்வேன்.

ஒழுகல் என்றால் மினிமம் பேலன்ஸ் அபராதமா?

அதுவும்தான். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி பாஸ்புக்கை என் முன் விரித்து ஒரு வரியைக் காட்டினாள். உதவித்தொகை 1,000 வரவு வந்த அதே தேதியில், அடுத்தடுத்து மூன்று பற்று வரிகள். மூன்றும் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான கட்டணம், ஒவ்வொன்றின் மேலும் ஜிஎஸ்டி. முதலாம் ஆண்டில் கல்லூரி வாசலில் மேசை போட்டு ஒரு தனியார் வங்கி தொடங்கிக் கொடுத்த கணக்கு அது. அதில் எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒரே கேள்வி: "நான் எதுவும் எடுக்கவே இல்லையே மேம், எப்படிப் போச்சு?"

இதற்கு வழி உண்டு. எல்லா வங்கிகளும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2012-இலேயே சொல்லிவிட்டது. இருப்பு ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை, ஏடிஎம் அட்டைக்குக் கட்டணம் கிடையாது, மாதம் நான்கு முறையாவது இலவசமாக எடுக்கலாம். ஒரு நிபந்தனை: அந்தக் கணக்கு வைத்திருந்தால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைக்க முடியாது. கவுண்டரில் "ஜீரோ பேலன்ஸ், பேசிக் சேவிங்ஸ் கணக்கு" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே "கணக்கு தொடங்கணும்" என்றால் அவர்களுக்குப் பிடித்த வகையைத்தான் கொடுப்பார்கள்.

இது தவிர, பாரத ஸ்டேட் வங்கி 2020-இல் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கே மினிமம் பேலன்ஸ் அபராதத்தை எடுத்துவிட்டது. கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-இல் எடுத்தன. மற்ற வங்கியில் கணக்கு இருந்தால், அபராதம் போடுவதற்கு முன் தகவல் அனுப்பி ஒரு மாத அவகாசம் தர வேண்டும் என்பதும், அபராதத்தால் மட்டும் இருப்பை மைனஸுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதி. அந்த மாணவியிடம் கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். பாதிப் பணம் திரும்ப வந்தது. மீதிக்கு அவள் மறுபடி போகவில்லை. போக நேரமில்லை, பேருந்துச் செலவும் அவளுக்குக் கணக்குதான்.

எஃப்.டி. போட்டால் நடுவில் எடுக்க முடியாதே?

எடுக்கலாம். வங்கி எஃப்.டி.யை எந்த நாளிலும் உடைக்கலாம். 7 நாளுக்குள் உடைத்தால் வட்டி கிடையாது. அதற்குப் பின் உடைத்தால், உண்மையில் எத்தனை நாள் இருந்ததோ அந்தக் காலத்துக்கான வட்டியில் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ கழித்துக்கொண்டு தருவார்கள். அசலில் கை வைக்க மாட்டார்கள். வரிசேமிப்பு எஃப்.டி. என்று ஐந்து வருடத்துக்குப் பூட்டும் ஒரு வகை உண்டு, அதை மட்டும் தெரியாமல் போட்டுவிடாதீர்கள்.

நான் சொல்வது இதுதான்: 20,000 ரூபாயை ஒரே எஃப்.டி.யாகப் போடாமல் 5,000, 5,000-மாக நான்கு போடுங்கள். தம்பிக்குக் காய்ச்சல், ஊருக்கு 4,000 அனுப்ப வேண்டும் என்றால் ஒன்றை உடைத்தால் போதும், மற்ற மூன்றும் அப்படியே வட்டி ஈட்டிக்கொண்டிருக்கும். முதிர்வுத் தேதியைக் கட்டணம் கட்டும் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னால் வருமாறு வையுங்கள். இன்னொன்று, முதிர்ந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பலர் கவனிப்பதில்லை. 'முதிர்ந்ததும் கணக்கில் வரவு வை' என்று தேர்ந்தெடுங்கள்.

மாதம் ஆயிரம் வருகிறது. ஆர்.டி. நல்லதா?

மிக நல்லது. மாதம் 1,000 வீதம் ஒரு வருடம், 6 சதவீதம் என்றால், வருடக் கடைசியில் 12,000-மும் அதற்கு மேல் 400-க்குக் கொஞ்சம் குறைவான வட்டியும் கையில் இருக்கும். வட்டி சின்னதுதான். பெரிய லாபம் அந்த 12,000 சேர்ந்து இருப்பது. உதவித்தொகை வரும் தேதி மாதத்துக்கு மாதம் தள்ளிப்போவதால், ஆர்.டி. தவணையை 1,000-க்கு வைக்காமல் 500-க்கு வையுங்கள். ஒரு மாதம் பணம் தாமதமானாலும் தவணை தவறாது. மீதி 500 கணக்கில் நிற்கட்டும்.

ஆர்.டி. என்றால் தபால் நிலையம்தானே சிறந்தது?

வட்டியில் ஆம். 2025-இல் தபால் நிலைய ஆர்.டி.க்கு 6.7 சதவீதம். எங்கள் அம்மா வாழ்நாள் முழுக்க நம்பியதும் அதைத்தான். மாதம் பிறந்தால் ஏஜென்ட் அக்கா வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு போவார். ஆனால் அது ஐந்து வருடக் கணக்கு. மூன்று வருடத்துக்கு முன் முடிக்க முடியாது. அதற்குப் பின் முன்கூட்டி முடித்தால் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான். அடுத்த வருடக் கட்டணத்துக்குச் சேர்க்கும் மாணவருக்கு அது பொருந்தாது. ஓராண்டு வங்கி ஆர்.டி. போதும்.

தபால் நிலையத்தில் மாணவருக்குப் பொருந்தும் இடம் இரண்டு. ஒன்று, சாதாரணச் சேமிப்புக் கணக்கு: 500 ரூபாய் குறைந்தபட்ச இருப்பு, 4 சதவீத வட்டி. பெரிய வங்கிகளைவிட அதிகம். ஆனால் இங்கே வட்டி கணக்கிடும் முறை வேறு. வங்கியில் தினசரி இருப்புக்கு வட்டி. தபால் நிலையத்தில் 10-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த மிகக் குறைந்த தொகைக்கு மட்டும். ஆகவே போடுவதை 10-ஆம் தேதிக்குள் போடுங்கள், எடுப்பதை மாதம் பிறந்ததும் எடுங்கள். 28-ஆம் தேதி அவசரப்பட்டு எடுத்தால் அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி முழுவதும் போய்விடும். இரண்டாவது, ஓராண்டு வைப்பு: 2025-இல் 6.9 சதவீதம், 10,000-க்கு வருட முடிவில் 708 ரூபாய். ஆறு மாதம் வரை எடுக்கவே முடியாது, ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வருடத்துக்குள் எடுத்தால் 4 சதவீதம்தான். தேதி உறுதியாகத் தெரிந்த பணத்துக்கு மட்டும் இது. தபால் நிலைய வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும்; போடும் நாளில் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறு நிதி வங்கியில், கூட்டுறவுச் சங்கத்தில் வட்டி அதிகம். வைக்கலாமா?

ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் பணத்துக்கு வைப்புக் காப்பீடு உண்டா? வங்கி மூழ்கினாலும் ஒருவருக்கு, ஒரு வங்கியில், அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும். 2020 பிப்ரவரிக்கு முன் இது 1 லட்சமாக இருந்தது. அரசு வங்கி, தனியார் வங்கி, சிறு நிதி வங்கி, பேமென்ட்ஸ் வங்கி, கூட்டுறவு வங்கி எல்லாவற்றுக்கும் இது உண்டு. ஆகவே சிறு நிதி வங்கியில் அரை சதவீதம் கூடக் கிடைத்தால் தாராளமாகப் போடலாம், கிளை பக்கத்தில் இருந்தால்.

ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை வங்கி என்றே எல்லோரும் சொல்வார்கள். சட்டப்படி அது வங்கி இல்லை, அந்தக் காப்பீடும் அதற்கு இல்லை. 'நிதி' என்றும் 'பெனிஃபிட் ஃபண்ட்' என்றும் பெயர்ப்பலகை வைத்த நிறுவனங்களுக்கும் இல்லை. அவற்றில் நல்லபடியாக நடப்பவை உண்டு. ஆனால் ஒரு மாணவரின் 15,000 ரூபாய்க்கு வருடத்தில் 200 ரூபாய் கூடுதல் வட்டிக்காக அந்தப் பாதுகாப்பைக் கைவிட நான் சொல்ல மாட்டேன். தபால் நிலையத்தில் இருப்பதற்கு இந்திய அரசே பொறுப்பு.

ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு?

வேண்டாம். பதிவு பெற்ற ஏலச்சீட்டு சட்டத்துக்கு உட்பட்ட தொழில். 1982-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, பதிவாளர் இருக்கிறார். ஆனால் ஏலச்சீட்டின் கணக்கு, கடன் தேவைப்படுகிறவரும் சேமிக்கிறவரும் சேர்ந்து இயங்குவது. அவசரத்துக்கு எடுக்க வேண்டும் என்றால் ஏலத்தில் ஒரு தொகையைத் தள்ளுபடியாக விட்டுக்கொடுத்து எடுக்க வேண்டும், அப்படித் தள்ளினால் அசலிலேயே குறையும். நடத்துகிறவருக்குக் கமிஷன் வேறு. இருபது மாதச் சீட்டில் எட்டாவது மாதம் கட்டணம் கட்ட வேண்டிய மாணவர் நஷ்டத்தில்தான் எடுப்பார்.

பதிவில்லாமல் தெருவில் நடக்கும் தீபாவளிச் சீட்டில் கையிலிருப்பது ஓர் அட்டையும் நம்பிக்கையும் மட்டும். 2022-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனம் மாதத்துக்கு 25, 30 சதவீத வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. பணம் கொடுத்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். வங்கியில் வருடத்துக்கு 6 சதவீதம் கிடைக்கும் நாட்டில் யாராவது மாதத்துக்கு 6 சதவீதம் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள், சொல்வது சொந்த மாமாவாக இருந்தாலும்.

நகைச் சீட்டு? கைப்பேசியிலேயே 10 ரூபாய்க்குத் தங்கம் வாங்கலாமே?

நகைக்கடைச் சீட்டு ஏன் எப்போதும் 11 மாதம் என்று கவனித்திருக்கிறீர்களா? 365 நாளுக்கு மேல் போனால் முன்பணம் என்ற நிலை மாறி, சட்டப்படி பொதுமக்களிடம் வாங்கிய வைப்பாகிவிடும். அதற்கான கட்டுப்பாடுகள் வந்துவிடும். அதனால் 11. இதில் கட்டிய பணம் நகையாகத்தான் வரும், ரொக்கமாக வராது. கட்டணம் கட்டும் கவுண்டரில் கம்மலைக் கொடுக்க முடியாது.

கைப்பேசித் தங்கத்தில் வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் இன்னும் ஒரு வெட்டு. தங்கம் ஏறாமல் அப்படியே நின்றாலும் நஷ்டம். இந்த டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி எச்சரித்தும் இருக்கிறது. தங்கம் ஏறுகிறதே என்று வாதம் செய்யும் பிள்ளைகளிடம் நான் தங்கத்தைக் குறை சொல்வதில்லை. உங்களுக்குப் பணம் வேண்டிய தேதியில் அது எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது மட்டும்தான் என் கவலை.

லிக்விட் ஃபண்ட் என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது, நல்ல கருவிதான். பலரின் பணத்தைச் சேர்த்து 91 நாளுக்குள் முதிரும் கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்ட். ஏழு நாளுக்குள் எடுத்தால் மட்டும் சிறு கட்டணம் பிடிப்பார்கள். பல ஃபண்டுகளில் 50,000 ரூபாய் அல்லது இருப்பில் 90 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதை அன்றே எடுக்கலாம். ஆனால் வைப்புக் காப்பீடு கிடையாது. லிக்விட் ஃபண்டில் பெரிய விபத்து அரிது. 2020 ஏப்ரலில் ஒரு பெரிய நிறுவனம் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நாளில் மூடியது. அவை லிக்விட் ஃபண்டுகள் இல்லை, வேறு வகை. பணம் பின்னால் திரும்பக் கிடைத்தது, ஆனால் தவணை தவணையாகக் காத்திருந்து. காத்திருக்க முடியாத பணம்தான் நாம் பேசுவது. கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு, பான் எல்லாம் முடித்து, படித்துப் புரிந்துகொண்ட பி.காம். மாணவர் 50,000-த்தில் ஒரு பகுதியை அங்கே வைத்தால் தடுக்க மாட்டேன். 8,000 ரூபாய்க்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

பங்கு, பங்குகளில் போடும் ஃபண்டில் மாதா மாதம் கட்டும் ஈக்விட்டி எஸ்ஐபி இரண்டும் இந்தப் பணத்துக்கு இல்லை. பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் போடும் எஃப் அண்ட் ஓ பற்றிக் கேட்டால் ஒரே வார்த்தை: கூடாது.

அம்மாவிடமே கொடுத்து வைக்கலாமா?

பலருக்கு அம்மாதான் முதல் வங்கி. கேட்டால் கொடுப்பார், வட்டியைவிடக் கூடக் கொடுப்பார். ஆனால் வீட்டில் கஷ்டம் வந்தால் முதலில் செலவாவதும் அந்தப் பணம்தான். அப்போது அதைத் திருப்பிக் கேட்க உங்களுக்கும் மனம் வராது, தர முடியவில்லையே என்று அவரும் வருந்துவார். கட்டணத்துக்கான பகுதி உங்கள் பெயரில் இருக்கட்டும், அம்மாவை நாமினியாகப் போடுங்கள். வீட்டுக்குக் கொடுக்க விரும்புவதைத் தனியாகக் கொடுங்கள். இரண்டையும் கலக்காமல் இருப்பது அன்பைக் குறைக்காது.

வட்டிக்கு வரி உண்டா?

உங்கள் அளவுக்குக் கவலை வேண்டாம். எஃப்.டி. வட்டி ஒரு வங்கியில் வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி வரி பிடிக்கும், அதுவும் 2025 ஏப்ரலிலிருந்து உள்ள வரம்பு.

"உன் கணக்கை ஒரு மாதம் கொடு, 5,000 தருகிறேன்" என்று சீனியர் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

உங்கள் பாஸ்புக், ஏடிஎம் அட்டை, சிம் மூன்றையும் வாங்கிக்கொண்டு அவர்கள் அதில் விடுவது, எங்கோ ஒரு பெரியவரை மிரட்டிப் பறித்த பணம். அவர் புகார் கொடுத்ததும் காவல்துறை பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வரும். வழியில் முதலில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் ஆதார், உங்கள் புகைப்படம். கணக்கு முடக்கப்படும்; அதிலேயே உதவித்தொகை வந்தால் அதுவும் சேர்ந்து முடங்கும். வேறு மாநிலக் காவல் நிலையத்துக்குக்கூட அலைய வேண்டியிருக்கும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பிப்பது எளிதில்லை, ஏனென்றால் வாடகை வாங்கியிருக்கிறீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே வங்கிக்குப் போய் அட்டையை முடக்குங்கள், எழுத்தில் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், வீட்டிலோ நம்பும் ஆசிரியரிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து தாமதித்தால் சிக்கல் பெரிதாகும்.

என் கணக்கிலிருந்தே பணம் போய்விட்டால்?

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள், பிறகு வங்கிக்கு. திருடர் அந்தப் பணத்தை அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் நிறுத்த வேண்டும் என்பதால் நிமிடங்கள்தான் கணக்கு. உங்கள் தவறு, வங்கியின் தவறு எதுவும் இல்லாமல் போன பணத்தை மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு இல்லை என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கி விதி. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரை போனது உங்கள் இழப்பு. யுபிஐயில் இணைக்காத கணக்கு வையுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: கைப்பேசி வழியாக வரும் திருடனுக்கு அந்தக் கணக்கு எளிதில் கண்ணில் படாது.

படிப்பு முடிந்ததும் இந்தக் கணக்குகளை என்ன செய்வது?

இரண்டு வருடம் நீங்கள் எதுவும் போடாமல் எடுக்காமல் விட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து வருடம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் கேட்டு வாங்கலாம், ஆனால் அலைச்சல். கடைசி செமஸ்டர் முடிந்து டி.சி. வாங்க வரும் நாளிலேயே கல்லூரிக்குப் பக்கத்துக் கிளைக்கும் போய்விடுங்கள். வேண்டாத கணக்கை மூடி, இருப்பை மற்றதற்கு மாற்றுங்கள். வைத்துக்கொள்ளும் கணக்கில் விடுதி முகவரியை மாற்றி வீட்டு முகவரி போடுங்கள், கைப்பேசி எண் இப்போது உங்கள் கையில் இருக்கும் எண்தானா என்று சரிபாருங்கள். பதினெட்டு வயதுக்கு முன் அப்பா கையெழுத்தில் தொடங்கிய கணக்கு என்றால் உங்கள் கையெழுத்தும் புதுப் புகைப்படமும் கொடுத்து மாற்ற வேண்டும். பாஸ்புக்கில் கடைசி வரி வரை பதிவு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு போடும் இயந்திரம் வேலை செய்யவில்லை என்றால் கவுண்டரில் கேளுங்கள், போட்டுத் தருவார்கள்.